தங்கப்பழம் வீட்டில் இருக்கும் என் ஊசி

பிப்ரவரி 6, வியாழன்

இது பல் டாக்டரம்மா கொடுத்த நோட்டு. தினமும் ஊசி போட்ட நேரம், எந்தப் பக்கம், தலை சுற்றல் உண்டா இல்லையா, மூன்றும் எழுத வேண்டும். வேறு எதுவும் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முழுதாகப் படித்தவள் இல்லை. 1964 டிசம்பரில், அரைப்பரீட்சையோடு, என் பெரியப்பா நிறுத்திவிட்டார். உப்பளத்துக்கு ஆள் குறைகிறது என்றார். அவர் மகள் மட்டும் எட்டாவது வரைக்கும் போனாள். அது கிடக்கட்டும்.

விஷயம் இதுதான். எனக்கு எலும்பெல்லாம் உள்ளுக்குள் கரைந்துகொண்டே வருகிறதாம். இடுப்பில் உண்டு, முதுகில் உண்டு, எல்லாவற்றையும்விட கீழ்த்தாடையில் மோசம். கீழே ஏழு பல் மீதி. ஏழும் ஆடுகிறது. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "பல்லுல குறையே இல்ல பாட்டி. அது ஊணி நிக்கதுக்குத்தான் எலும்பு இல்ல."

"எல்லாத்தையும் எடுத்துட்டு செட்டு வச்சிரலாமே" என்றான் என் மகன் சுயம்பு. செட்டு உட்காரவும் எலும்பு வேண்டுமாம். இந்தத் தாடையில் எதுவும் உட்காராதாம்.

அதனால் ஆறு மாதம் ஊசி. கழுத்துக்குள் தானாக ஊறுகிற ஆர்மோன் ஒன்று இருக்கிறதாம். அதே மாதிரி செய்து பேனாவில் அடைத்திருக்கிறார்கள். எலும்பைக் கரையவிடாமல் தடுக்கிற மருந்து வேறு, இது எலும்பைக் கட்டுகிற மருந்து. ஆகஸ்டில் மறுபடியும் படம் எடுப்பார்கள். எலும்பு வந்திருந்தால் பல் நிற்கும். இல்லாவிட்டால் ஏழையும் பிடுங்கிவிட்டு, சாகிற வரைக்கும் கஞ்சி.

பேனாவைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். என் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. சுயம்பு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதைக் கொண்டுபோய்த் தங்கப்பழம் வீட்டுப் பிரிட்ஜில் வைத்துவிட்டு மெட்ராஸ் ரயில் ஏறிவிட்டான். ரயில் ஏறியதற்குப் பிறகு போனில் சொல்கிறான்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலை 6.40. வயிறு, வலது பக்கம். தலை சுற்றல் இல்லை.

தங்கப்பழம் யார் என்று எழுதிவிடுகிறேன். டாக்டரம்மா படித்தால் புரிய வேண்டும். என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. ஒரே வீடு, நடுவில் சுவர் எடுத்து இரண்டாக்கியது. அவளும் இப்போது தனி ஆள்தான். எங்களுக்குள் பேச்சு உண்டு, புழக்கம் கிடையாது. அவள் வீட்டில் நான் கை நனைத்து இருபத்து மூன்று வருஷம் ஆகப்போகிறது.

2002 மே 9, வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. என் வீட்டுக்காரரை உப்பளத்தில் இருந்து வேனில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். வெயிலில் சுருண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. தெரு நிறையக் கூட்டம். இவள் வெள்ளைப் பூப்போட்ட பாசிப்பச்சைச் சேலை கட்டியிருந்தாள். என் முகத்துக்கு நேரே வந்து, "உன் வாய்தான்க்கா அத்தானைக் கொன்னுட்டு" என்றாள். அத்தனை பேர் முன்னாலும்.

அன்று காலையில் நான் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

அன்றோடு சரி. அவள் வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்கியதில்லை. கொழுந்தனார் இறந்தபோதும் வாசலோடு நின்று அழுதுவிட்டு வந்தேன்.

ஊசி வாய் வழியாகப் போவதில்லை. வயிற்றுச் சதையில் குத்துவது. ஆகவே இது கை நனைத்ததில் சேராது. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

6.35. இடது பக்கம்.

போய் எடுத்து, என் வீட்டில் வைத்துக் குத்தி, திரும்பக் கொண்டுபோய் வைக்கிறேன். போகும்போதெல்லாம் அவள் எதையாவது கடித்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு வறுத்த கடலை. அறுபத்தெட்டு வயதில் வாய் நிறையப் பல். நறுக் நறுக்கென்று தெருவரைக்கும் கேட்கிறது. எனக்காகத்தான் கடிக்கிறாள்.

பிப்ரவரி 12, புதன்

6.40. வலது பக்கம். தலை சுற்றல் உண்டு.

குத்திவிட்டுப் பேனாவைத் திருப்பி வைக்கப் போனேன். அவள் நிலைப்படியில் உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண் முழித்தால் அவள் கட்டிலில் கிடக்கிறேன். முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"குத்துனதும் கால் மணி நேரம் படுக்கணும்னு அந்தச் சீட்டுல போட்டிருக்குலா. எதுக்கு இங்கனயும் அங்கனயும் ஓடுத?"

"என் வீட்டுல படுத்துக்கிடுவேன்."

"இங்கனயே குத்திட்டு இங்கனயே படு. கட்டிலு ஒன்னத் தின்னுராது."

கட்டில் அவளுடையது இல்லை. என் மாமியாருடையது. பாகம் பிரித்தபோது எனக்கு வந்திருக்க வேண்டியது. எனவே படுக்கலாம்.

பிப்ரவரி 13

6.30. இடது. படுத்தேன்.

பிப்ரவரி 14

6.30. வலது. படுத்தேன். கால் மணி நேரம் என்பது சுமார் முக்கால் மணி நேரம் ஆகிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

6.25. இடது. தலை சுற்றல் இல்லை. ஆனால் வேறு ஒன்று உண்டு, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

படுத்துக் கண்ணை மூடினால் பிரிட்ஜ் ஊம் என்று பாடுகிறது. அந்தப் பாட்டுக்குள் நான் இறங்கிப் போகிறேன். இறங்கினால் உப்பளம். காலை நேரத்து உப்பளம், வானம் பாத்திக்குள் கிடக்கிறது. நான் நடப்பது வரப்பு இல்லை, என் கீழ்த்தாடை. வளைந்து போகிறது. ஓரத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டியிருக்கிறது. யாரும் பேசவில்லை. தண்ணீர் மேல் லேசாக உப்பு ஆடை படிகிறது. அதைத் தொடக் கூடாது, தொட்டால் உடைந்துவிடும் என்று கனவிலும் எனக்குத் தெரிகிறது. தூரத்தில் ஒரு ஆள் உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். முதுகுதான் தெரிகிறது.

எழுந்தால் தங்கப்பழம் அரிசி களைகிற சத்தம்.

சாயங்காலம் சுயம்பு போன். "யம்மா, சின்னதா ஒரு பிரிட்ஜ் வாங்கி அனுப்புதேன். நீ எதுக்குச் சித்தி வீட்டுக்கு அலையணும், ஒனக்குத்தான் ஆகாதே."

கரண்டு பில் ஏறும் என்றேன். அவன் கட்டுவானாம். வைக்க இடமில்லை என்றேன். பீரோவை நகர்த்தலாமாம். அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வராது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

6.30. வலது. முதல் பேனா முடிந்தது. இன்றைக்கு இரண்டாவது பேனா. பல் ஏழும் அப்படியேதான் ஆடுகிறது. நாக்கால் தினமும் எண்ணிப் பார்க்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

6.30. வலது.

பிரிட்ஜைத் திறந்தால் என் பேனா அவளுடைய சாளை மீன் குழம்புச் சட்டி மேல் சாய்ந்து கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் பழைய சோறு. எனக்கு வந்ததே கோபம்.

"என் மருந்து ஒன் சோத்துச்சட்டியில ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. நான் ஒன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு தெரியும்லா? தெரிஞ்சேதான் இப்படி வைக்க."

"கதவைச் சாத்துறப்ப சாஞ்சிருக்கும்க்கா."

"தின்னுத சாமான் எதுவும் அண்டாத எடமாப் பாத்து வையி. இல்லன்னா நாளைக்கே எடுத்துட்டுப் போயிருவேன்."

நல்லாக் கேட்டேன். படுக்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஊசி இல்லை.

காலையில் போனால், "ஒன் மருந்தைத் தனியா வச்சிட்டேன், ஒண்ணும் அண்டாது" என்று மேல் கதவைத் திறந்தாள். ஐஸ் பெட்டி. அங்கே ஒன்றுமே இல்லை, சுத்தமாகத் துடைத்து, நடுவில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் என் பேனா. சாமிக்கு வைத்த மாதிரி வைத்திருந்தாள். எடுத்தால் கையோடு ஒட்டியது. உள்ளே மருந்து வெள்ளையாக உறைந்து கல்லாகிவிட்டது.

"வெயில்ல வச்சா இளகிரும்லா" என்றாள்.

பல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். உறைந்தது உறைந்ததுதான், இளகினாலும் உயிர் கிடையாது, தூக்கிப் போடுங்கள் பாட்டி என்றார். புதுசு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். இப்படி இடையில் விட்டால் ஆகஸ்டில் என்ன வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

தங்கப்பழம் அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஒண்ணு நெனச்சி செஞ்சேன்" என்றாள். மறுபடியும், "நான் ஒண்ணு நெனச்சி செஞ்சேன்."

இருபத்து மூன்று வருஷமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். அத்தனை பேர் முன்னால் சொல்லலாம். என் பல்லைப் பிடுங்கினவள் இவள்தான் என்று வருகிற கல்யாண வீட்டில் எல்லாம் சொல்லலாம். வார்த்தைகூட வரிசையாக வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

ஊசி இல்லை. 6.30க்குப் போனேன். பழக்கம்.

அங்கே இருக்கும்போதே சுயம்பு போன். எனக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கர்தான் போடுவேன்.

"டாக்டரம்மா சொன்னாங்க. யாரு யம்மா ஐஸ் பெட்டியில வச்சது? சித்தியா?"

தங்கப்பழம் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"நான்தான்" என்றேன்.

"நீயா? நீ அந்த வீட்டுல எதையும் தொட மாட்டியே."

"என் மருந்து, நான் தொடுவேன். குளிர்ச்சி கூட இருந்தா நல்லதுன்னு வச்சேன். ஏசுததுன்னா ஏசு."

ஏசினான். நன்றாகவே ஏசினான். போனை வைத்ததும் இவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்குப் பொய் சொன்ன?"

"எதுல பொய்? வைக்கச் சொன்னது யாரு? என் வாய்தானே?"

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

மார்ச் 13

ஊசி இல்லை. போனேன். படுத்தேன்.

மார்ச் 14

ஊசி இல்லை. போனேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஊசி இல்லை. படுத்தேன். ஊசி இல்லாமலும் அந்த இடம் வருகிறது. இன்றைக்குப் பாத்தியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. பலகைக்காரர் இன்னும் திரும்பவில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன், பல் ஒவ்வொன்றாகப் பாத்திக்குள் விழுந்தது, சத்தமே இல்லாமல். நான் அதைப் பொறுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 19, புதன்

ஊசி இல்லை.

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டுமா என்று மத்தியானம் வரைக்கும் யோசித்தேன்.

நான் கட்டிலில் படுத்திருந்தேன். அவள் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்தபடி சொன்னாள். முதுகு காட்டியபடியேதான் கடைசி வரைக்கும் சொன்னாள்.

"அன்னைக்குக் காலையில அத்தான் எங்க வாசல்ல வந்து நின்னாக. 'பழம், ஒரு செம்பு சோத்து நீத்தண்ணி இருந்தா குடு'ன்னு கேட்டாக. ஒங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லன்னு எனக்குத் தெரியும். குடுத்தா நீ என்னைய வந்து ஏசுவன்னு பயம். 'இன்னும் ஒண்ணும் ஆகல அத்தான்'னு சொல்லிட்டேன். சரின்னு சிரிச்சிட்டுப் போனாக. பானையில சோறு கெடந்துது அக்கா."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"மத்தியானம் வேன் வந்து நின்னப்ப, யாராவது என்னையக் கேட்டுருவாகளோன்னு ஓடி வந்தேன். ஒன்னையப் பாத்ததும் அந்த வார்த்தை வந்துட்டு. நான் முந்திக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பிப்ரவரி ஏழாம் தேதி எழுதியது பொய் இல்லை. அன்று காலையில் நான் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. அதற்கு முந்தின நாளும் சொல்லவில்லை. அதற்கும் முந்தின நாளும் சொல்லவில்லை. அந்த மே ஆறாம் தேதி ராத்திரி, விருந்தாளி இருக்கும்போது, புளிக்குழம்பில் உப்பு கூடுதல் என்று சொல்லிவிட்டார். உப்பளத்துக்காரர் என்னிடம் உப்பு கூடுதல் என்கிறார். மூன்று நாள் நான் வாயே திறக்கவில்லை. ஒன்பதாம் தேதி காலை, சோற்றுப்பானையை மூடி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். செருப்புப் போடுகிற சத்தம் கேட்டது.

ஏசியிருந்தால்கூட, ஏசிக்கொண்டே சோறு போட்டிருப்பேன். தின்றிருப்பார்.

"ஒன் பானையில எம்புட்டுச் சோறு கெடந்துது?" என்று கேட்டேன்.

"ரெண்டு ஆளுக்கு."

"என் பானையிலயும் ரெண்டு ஆளுக்கு இருந்துது."

அவள் ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மார்ச் 21, வெள்ளி

பேனா வந்துவிட்டது. ஐஸ் போட்ட டப்பாவில், பிள்ளையைச் சுற்றிய மாதிரிச் சுற்றி வந்தது. நடுத்தட்டில் வைத்தாயிற்று. பக்கத்தில் அவளுடைய தயிர் இருக்கிறது. இருக்கட்டும்.

பேனாவின் பொத்தான் என் கட்டைவிரலுக்கு அமுங்கவில்லை. அவள் பேனாவை வாங்கி அவளே குத்தினாள். பத்து எண்ணிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏழுக்கு அப்புறம் ஒன்பதுக்குத் தாவுகிறாள்.

6.50. வலது. தலை சுற்றல் உண்டு, நிறைய. பத்து நாள் விட்டுப் போட்டதால் இருக்கும். கூரை உத்தரம் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி அலைந்தது. யாரோ என் கழுத்தைத் தூக்கினார்கள். உதட்டில் சில்லென்று எவர்சில்வர் டம்ளர். அது அந்த இடமா இந்த இடமா என்று தெரியவில்லை. தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தது, நல்ல குளிர்ச்சி. மடக் மடக்கென்று இறங்கியது.

முழித்துப் பார்த்தபோது கட்டிலுக்குக் கீழே டம்ளர் கவிழ்ந்து கிடந்தது.

ஏப்ரல் 4

6.30. இடது. கெண்டைக்கால் இழுக்கிறது. ஊசியால் அப்படி இழுக்குமாம்.

ஏப்ரல் 22

6.30. இடது. எட்டை ஒழுங்காக எண்ணுகிறாள் இப்போது.

மே 9, வெள்ளி

6.30. வலது. இன்றைக்கு நோட்டில் வேறு எதுவும் எழுதவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

6.20. வலது.

அந்த இடத்துக்கு இப்போது சீக்கிரம் போய்விடுகிறேன். ஊம் என்ற சத்தம் தொடங்குகிறது, வரப்பு காலுக்குக் கீழே வருகிறது. தண்ணீர் நிறைந்திருக்கிறது. ஆடை கனத்திருக்கிறது. பொருக்குப் பொருக்காக, ஓரத்தில் இருந்து உள்ளே வருகிறது. வெயில் உண்டு, சூடு இல்லை. பலகைக்காரர் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிறார். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இப்போது அவசரம் இல்லை. அவர் வாருகிற சத்தம் கேட்கிறது, அது போதும்.

இதை டாக்டரம்மாவிடம் சொல்லலாமா என்று இவளைக் கேட்டேன். "சொல்லாத. மருந்தை நிறுத்திருவாக" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

6.30. இடது.

ஓரப்பல் ஒன்று இட்லியோடு வந்துவிட்டது. வலி இல்லை, ரத்தமும் இல்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து மாதமாகக் குத்தியதற்கு இதுதானா. அந்தப் பத்து நாள்தான் காரணம் என்று மனதில் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தங்கப்பழத்துக்கும் அதே நினைப்புதான், முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. இன்றைக்கு அவள் எதையும் கடிக்கவில்லை.

ஜூலை 4

6.30. வலது. கடலையைத் தின்னு, சத்தம் இல்லாமல் வீடு என்னவோ போல் இருக்கிறது என்றேன். தின்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

சுயம்பு மறுபடியும் பிரிட்ஜ் பேச்சை எடுத்தான். ஆடி மாதம் புது சாமான் வாங்கக் கூடாது என்றேன். ஆடி முடிந்ததும் வாங்கலாம் என்றான். ஆவணிக்கு வேறு ஏதாவது யோசிக்க வேண்டும்.

6.30, இடது. முதலிலேயே எழுத மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

6.15. இடது.

படம் எடுக்கிற நாள். சுயம்புக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போகிறேன் என்றுதான் சொன்னேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினால் இவள் சேலை மாற்றிக்கொண்டு, குடையோடு தெருவில் நிற்கிறாள்.

"நீ எங்க?"

"தலை சுத்தி விழுந்தா யாரு தூக்குவா?"

டாக்டரம்மா படத்தை எடுத்துவிட்டு, சின்னக் கம்பியால் ஒவ்வொரு பல்லையும் தட்டித் தட்டி, இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். மிஷின் ஏதோ ஊம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். பிப்ரவரிப் படத்தில் பல்லைச் சுற்றிலும் கறுப்பு. இன்றைய படத்தில் அந்தக் கறுப்புக்குள் மெல்லிசாக வெள்ளை ஏறியிருந்தது. நகக்கண் அளவுதான்.

"வந்திருக்கு பாட்டி. நெறைய இல்ல, ஆனா வந்திருக்கு. நாலு பல்லு இறுகிட்டு, அது நிக்கும். ரெண்டு இன்னும் ஆடுது, அதை இப்ப என்னால சொல்ல முடியாது. ஊசியை நிறுத்த வேண்டாம். எலும்பு டாக்டர்கிட்டயும் பேசிக்கிடுதேன், இன்னும் கொஞ்ச மாசம் போகட்டும்."

"பிடுங்க மாட்டீங்களா?"

"இப்ப எதுக்குப் பிடுங்கணும்?"

பிறகு தங்கப்பழத்தைப் பார்த்து, "நீங்கதான் ஊசி போட்டு விடுதீங்களா?" என்றார்.

"குத்துறது நான். ஏசுறது அவ" என்றாள்.

டாக்டரம்மா சிரித்தார். நோட்டைக் கேட்டார். வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொன்னேன். பைக்குள்தான் இருந்தது. அடுத்த தடவைக்கு வேறு நோட்டு வாங்கி நேரமும் பக்கமும் மட்டும் பார்த்து எழுதிவிட வேண்டும்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் எனக்கு. மத்தியான வெயிலில் பஸ் மெதுவாக ஆடி ஆடிப் போனது. அவள் சீட்டு வாங்கினாள், மீதியை முந்தானையில் முடிந்தாள், எதையோ சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் தூங்கிவிட்டாள். விடியற்காலையில் இருந்து ஓடியவள். தலை சாய்ந்து சாய்ந்து வந்து, என் தோளில் விழுந்து, மேலே நகர்ந்து என் தாடைக்குக் கீழே முட்டுக்கொடுத்த மாதிரி நின்றுவிட்டது. பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் அவள் மண்டை என் தாடையில் இடித்தது. கனத்த மண்டை.

வலிக்கவில்லை. பல்லைக் கடித்துப் பார்த்தேன், இருந்தது.

எங்கள் ஸ்டாப் வந்தது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு பேர் இறங்கினார்கள். என் வாய் திறக்கவில்லை. பஸ் கிளம்பி, கடற்கரைப் பக்கம் திரும்பியது. காற்று வந்தது.